மீனாட்சியம்மாளின் பாட்டுப் புத்தகம்

நெல்லியாளத்தில் டேன்டீ தேயிலைத் தோட்ட லயங்களின் பக்கம் நடந்தால் பேச்சிலேயே கண்டிச்சீமை கேட்கும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் ஊர் இது. இவர்களுக்கு உரிமையான ஒரு பாட்டுத் தொகுப்பு உண்டு. அறிந்தவர் மிகக் குறைவு.

கோ. நடேசய்யரை இலங்கையின் மலையகம் மறக்கவில்லை. தஞ்சையிலிருந்து போய், இலங்கைத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியவர். சட்டசபையில் அவர்களுக்காகப் பேசியவர். அவருக்குப் பின்னால் நின்று பாட்டெழுதியவர் மனைவி மீனாட்சியம்மாள். 1940இல் அவருடைய பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக வந்தன. தலைப்பைப் பார்த்தால் அரசாங்க அறிக்கை. திறந்தால் அத்தனையும் பாட்டு!

அதன் கைத்திறன்தான் என்னைக் கட்டிப்போடுகிறது. ஜனங்களின் வாயில் ஏற்கெனவே புழங்கிய மெட்டுகளை எடுத்து, அவற்றில் அவர்களுடைய பாட்டையே, அதாவது பிழைப்பின் பாட்டை, ஏற்றினார். மெட்டு பழகியது என்பதால் எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டால் கூடச் சேர்ந்து பாடலாம். கூட்டங்களில் அம்மாளே பாடினார். மேடைப் பேச்சு கூட்டத்தோடு கலைந்துவிடும். பாட்டோ லயத்துக்குத் திரும்பி, மறுநாள் கொழுந்துக் கூடையோடு மலையேறும். 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலய மெட்டுகளில் உரிமைப் பாட்டுக் கட்டியதும் இதே வழியில்தான்.

மலையகத்தின் முதல் வரிசைக் கவிஞர்களில் வைக்க வேண்டிய பெயர் மீனாட்சியம்மாள்.

நெல்லியாளத்து வாசகரே, உங்கள் வீட்டுப் பாட்டிக்கு அந்தக் காலத் தோட்டப் பாட்டு ஓரடியாவது நினைவிருந்தால், இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.