வாதப் படமும் வண்ணமும்

வாதமொன்றை வரிவரியாக எழுதுங்கால், எக்கூற்று எதனைத் தாங்கி நிற்கின்றது என்பது எளிதிற் புலப்படுவதில்லை. இக்குறையை நீக்கவே வாதத்தைப் படமாக வரையும் முறை எழுந்தது. 1913ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜோன் ஹென்றி விக்மோர், வழக்கின் சான்றுகளையெல்லாம் குறியீடுகளாலும் கோடுகளாலும் இணைத்துக் காட்டும் படமுறையொன்றை வெளியிட்டார். நுட்பம் மிக்கதாயினும் அம்முறை பெருவழக்குப் பெறவில்லை. குறியீடுகள் பலவாயினமையின், கற்போன் வாதத்தைப் படிக்குமுன் குறிகளைப் படிக்க வேண்டியவனானான்.

மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் டிம் வான் கெல்டரும் அவர்தங் குழுவினரும் ஆக்கிய ‘ரீசனேபிள்’ என்னும் கணினி மென்பொருளும், அதன் வழிவந்த ‘ரஷனால்’ என்பதும் இவ்விடரைப் பெரிதும் குறைத்தன. இவற்றில் முடிபு உச்சியில் நிற்க, காரணங்கள் அதன்கீழ்க் கிளைக்கின்றன. ஆதரிக்குங் காரணம் பச்சை நிறமும் தடை சிவப்பு நிறமும் பெறுகின்றன; தடைக்குக் கூறும் மறுப்பு ரஷனாலிற் செம்மஞ்சளாகின்றது. கண்ட அளவிலேயே ஒவ்வொரு கூற்றும் எப்பக்கத்தது என்பதனை மாணவன் உணர்கின்றான்.

நிறத்தினும் சிறந்தது கூற்றுக்களை ஒருங்கு சேர்க்கும் அடைப்பு. மலையிற் புகை தோன்றலால் ஆங்கு நெருப்பு உண்டு என்னும் நியாயநூலாரின் பழைய வாதத்தை நோக்குக. புகை தோன்றுகின்றது என்பது மாத்திரம் முடிபைத் தாராது. புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்னும் பொதுவிதியும் உடன் வேண்டும். இவை தனித்தனிக் காரணங்களல்ல. கூடி நின்றே ஒரு காரணமாவன. ஆதலின் இரண்டும் ஒரே பச்சை அடைப்பினுள் அமைகின்றன. அவ்வடைப்பின் பொருளை உணர்ந்த மாணவன், சொல்லாது விடப்பட்ட பொதுவிதியைத் தேடத் தலைப்படுவான். நியாயநூலார் எடுத்துக்காட்டு என்னும் உறுப்பினால் வற்புறுத்திய கடமையை ஈண்டு வடிவமைப்பு நினைவூட்டுகின்றது.

எனினும், இவ்வழகிலேயே ஒரு மயக்கமும் உறைகின்றது. பச்சை நிறம் முதற்கண் உணர்த்துவது, அக்கூற்று ஆதரவாக வைக்கப்பட்டது என்பதனையே. அது மெய் என்பதனையன்று. மலைமேற் படிந்த மூடுபனியைப் புகையென மயங்கியவன் எழுதுங் கூற்றும் பச்சை அடைப்பினுள்ளேயே நிற்கும்; கோடுகளும் பிழையின்றி இணையும். படம் செவ்வனே அமைந்தமை கண்டு, வாதமும் செவ்விதென மாணவன் அமைதியுறக்கூடும். காரணத்தின் வலிமையை மதிப்பிட்டுக் குறிக்கும் வசதியும் ரஷனாலில் உண்டு. ஆயின், அம்மதிப்பை இடுபவனும் அவனே.

ஆகவே, வகுப்பறையிற் படம் முற்றுப்பெறும் இடமே ஆசிரியரின் பணி தொடங்கும் இடமாதல் வேண்டும். ஒவ்வோர் அடைப்பையும் சுட்டி, “இது மெய்யென்பது எவ்வாறு அறியப்பட்டது?” என்று அவர் வினவுதல் வேண்டும். வடிவமைப்பு வாதத்தின் எலும்புக்கூட்டைக் காட்டவல்லது. கண்டது புகையோ பனியோ என்பதனை மலையை நோக்கியே துணிதல் வேண்டும்.