அடிபம்போடு நிறுத்தப்பட்ட கதை

மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கைக் கதைகளைப் பரவலாகச் சொன்னால் அவர்கள்மீது சுமத்தப்பட்ட இழிவு நீங்கிவிடும் என்றொரு நம்பிக்கை நம் முற்போக்கு வட்டாரங்களில் கேள்வியின்றி உலவுகிறது. கதையை யார் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது என்பதே என் கட்சி.

ஹெலன் கெல்லரை எடுத்துக்கொள்வோம். 1887 ஏப்ரல், அமெரிக்காவின் அலபாமா மாநிலம். அடிபம்படியில் ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் ஆசிரியை ஆன் சல்லிவன் எழுத்தெழுத்தாகத் 'தண்ணீர்' என்று எழுத, பார்வையும் கேள்வியும் அற்ற சிறுமிக்கு மொழி பிடிபடுகிறது. 1962இல் சினிமாவாக வந்த 'தி மிராக்கிள் ஒர்க்கர்' இதையே உச்சமாக்கியது. நம்மூர்த் தன்னம்பிக்கைப் புத்தகங்களும் அநேகமாக அதோடு சரி. அப்போது அவருக்கு ஏழு வயதுகூட நிரம்பவில்லை. 1968இல் சாகும்வரை மிச்சமிருந்த 81 வருஷம் எங்கே போச்சு?

1909இல் அவர் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பார்வையின்மைக்கான காரணங்களைத் தேடிப் போனவர் தொழிற்சாலை விபத்துகளிலும், ஏழ்மையிலும், சிசுக்களின் கண்ணைப் பறிக்கும் மேகநோய்த் தொற்றிலும் போய் முட்டினார். அரசியல் பேசத் தொடங்கியதும் 'புரூக்ளின் ஈகிள்' பத்திரிகை, அவருடைய வளர்ச்சியிலிருந்த குறைகளே அவருடைய தவறுகளுக்குக் காரணம் என்று எழுதிற்று. முன்பு நேரில் கூசும்படி புகழ்ந்தவர்தான் அதன் ஆசிரியர் என்பதை 1912இல் கெல்லரே போட்டுடைத்தார். புகழ்ச்சியும் இழிவும் ஒரே வாயிலிருந்து வருவதைக் கவனியுங்கள். தன்னைப் பற்றிச் சொல்லும்வரை அவர் அதிசயம். நம்மைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் ஊனமே அவருக்கெதிரான சாட்சி.

(அந்தப் பதிலடியில் அவர் பத்திரிகையைச் சமூகக் குருடு, செவிடு என்றுதான் வைதார். வசவுக்கு அவருக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை. நம் துண்டறிக்கைகளின் 'செவிட்டு அரசு', 'முடமான நீதி' எல்லாம் இதே சரக்குதான்.)

இதைவிடச் சங்கடமானது 1915. சிகாகோவில் கடுமையான உடற்குறைகளோடு பிறந்த ஒரு சிசுவுக்கு அறுவை செய்ய மறுத்து, சாகவிட்டார் ஹைசல்டன் என்னும் மருத்துவர். 'தி நியூ ரிபப்ளிக்' இதழில் கெல்லர் அவரை ஆதரித்து எழுதினார்; இத்தகைய குழந்தைகள் வாழலாமா என்பதை மருத்துவர் குழு தீர்மானிக்கட்டும் என்றார். இனமேம்பாட்டுவாதம் அன்றைய முற்போக்காளர்களையும் பிடித்திருந்தது என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. சாதித்தவர்களின் கதையைக் காட்டித்தான் இழிவை எதிர்ப்போம் என்றால், வாழும் உரிமைக்குச் சாதனையை விலையாக வைக்கிறோம். அந்தத் தர்க்கத்தின் கடைசிப் படியில் நிற்கிறது கெல்லரின் கடிதம்.

2010இல் தமிழக அரசு வழக்கில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. பழைய சொல்லுக்கு இது எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனாலும் அதற்குள் ஒரு 'திறன்' உட்கார்ந்திருக்கிறது. காட்டுவதற்குத் திறன் எதுவும் இல்லாதவர் என்ன செய்வார்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள், ஓடித் தப்ப முடியவில்லை. நம் நினைவில் நிற்பது அந்த எண் மட்டுந்தான். சாதனைக் கதைத் தொகுப்பில் அவர்களை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது? இப்படிப்பட்ட காப்பகங்களில் இருந்தவர்களின் கதையை எழுத வேண்டுமென்றால், அவர்களைக் கொண்டுவந்து விட்ட வீட்டாரிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும் — அவருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், யாரோடு சண்டை போடுவார், தூக்கம் வராத ராத்திரியில் என்ன பாட்டை முணுமுணுப்பார் என்று கேட்டு.