மனந்திரும்புதலும் மனமாற்றமும்: விவிலியத் தமிழில் ஒரு வினைத்தேர்வு

கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 'மெட்டனோயா' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பெயர்ப்புகள் வழங்குகின்றன. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த பழைய திருப்புதல் 'மனந்திரும்புதல்' என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'மனம் மாறுதல்' என்கிறது. இவற்றை ஒருபொருட் சொற்களாகக் கொள்வது வழக்கம். வினையடிகளை நோக்கின் அவ்வாறு கொள்ள இயலாது.

'திரும்பு' திசை குறிக்கும் வினை. எங்கிருந்து, எவரிடம் என்னும் வினாக்களை அது தன்னுள் கொண்டுள்ளது. எபிரெய இறைவாக்கினரின் 'ஷூப்' என்னும் வினையும் இத்தகையதே. 'மாறு' என்பதற்குத் திசை இல்லை. வீட்டை விற்க இசைந்தவர் மறுநாள் மறுத்தாலும் 'மனம் மாறிவிட்டார்' என்றே பேச்சுவழக்கு கூறும். கிரேக்கச் சொல்லின் உறுப்புகளுக்கு 'மனமாற்றம்' நெருக்கமானது என்பது மெய்யே. ஆனால் உறுப்புகளின் கூட்டுத்தொகை சொல்லின் பொருளாகிவிடாது. மேலும், 'மதமாற்றம்' என்னும் சமூகச் சொல்லின் நிழல் 'மனமாற்றம்' என்பதன்மேல் விழுவதையும் தவிர்க்க முடியவில்லை.

பழைய திருப்புதல் இவ்விடத்தில் நுட்பமாகவே இயங்குகிறது. யூதாசு வருந்தியதைக் குறிக்க (மத்தேயு 27:3) மூலம் வேறொரு வினையை ஆள்கிறது. தமிழும் அங்கு 'மனஸ்தாபப்பட்டு' எனப் பிரித்துக் காட்டுகிறது. வருந்துதல் வேறு, திரும்புதல் வேறு. கத்தோலிக்க மரபில் நெடுங்காலம் வழங்கிய 'பச்சாத்தாபம்' வருத்தத்தையே முன்னிறுத்தியது.

உரோமையர் 12:2இல் நம்பிக்கையாளரின் மாற்றத்தையும், மத்தேயு 17:2இல் மலைமேல் இயேசு உருமாறியதையும் மூலம் ஒரே வினையால் குறிக்கிறது. பழைய திருப்புதல் ஈரிடத்தும் 'மறுரூபம்' என்று காத்த இத்தொடர்பு, 'தோற்றம் மாறினார்', 'மாற்றம்' எனத் திருவிவிலியத்தில் பிரிந்தபோது நலிந்துவிட்டது. எளிமைக்குக் கொடுத்த விலை இங்கு மிகுதி.

பழையது குறையற்றதன்று. தீத்து 3:5இல் அது ஆளும் 'மறுஜென்மம்' வினைப்பயன் கோட்பாட்டில் ஊறிய சொல். அடுத்த பிறவியையன்றி இவ்வாழ்விலேயே நிகழும் புதுப்பிறப்பைக் குறிக்க அதனைத் தேர்ந்தது வாசகரை வழிதவறச் செய்யக்கூடியது. யோவான் 3:3இல் உள்ள 'மறுபடியும் பிறத்தல்' அக்குழப்பத்தைத் தவிர்க்கிறது. எனினும் 'மேலிருந்து' என்னும் மூலச்சொல்லின் மறுபொருள் அதில் விடுபடுகிறது.

இச்சொற்கள் ஏட்டளவில் நிற்கவில்லை. சபைகளில் தம் வாழ்வின் மாற்றத்தைச் 'சாட்சி'யாகக் கூறுவோர் 'மனந்திரும்பினேன்' என்று தன்வினையிலும், 'இரட்சிக்கப்பட்டேன்' என்று செயப்பாட்டு வினையிலும் அடுத்தடுத்துப் பேசுகின்றனர். தமிழ்ப் பேச்சில் அருகியே வரும் 'படு' வடிவம் இங்கு எழுத்தறியாதார் நாவிலும் இயல்பாக வருகிறது. திரும்பியவர் தாமே, மீட்டவர் பிறர். 'மனம் மாறினேன்' என்று சொல்லத் தொடங்கும் தலைமுறையின் சாட்சிகளில் இவ்விரு வினைகளின் இணை நிலைக்கிறதா என்பது களத்தில் ஆராயத்தக்கது.