பரதேசிக்கு வைத்தியம்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரிகளுக்கு இன்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள வருகிறவர்களும் உண்டு. இருதயத்தைக் காட்ட வருகிறவர்களும் உண்டு. திருப்தியோடு திரும்புகிறார்கள் என்று ஊரில் பேச்சு. இருக்கட்டும். பணத்தோடு வந்து, சுகமானதும் விமானம் ஏறுகிறவனின் திருப்தியை வைத்து ஓர் ஊரின் வைத்தியத்தை எடைபோட எனக்கு மனம் வரவில்லை. பிழைக்க வந்த இடத்தில், திரும்ப வழியில்லாமல் படுத்துவிட்டவனையல்லவா கேட்க வேண்டும்? அப்படிக் கேட்ட நாவல் ஒன்று நம் கொங்கு நாட்டு மலையிலிருந்தே வந்திருக்கிறது.

டாக்டர் பி. எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்தவர். 1969-ல் 'ரெட் டீ' என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். 2007-ல் இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். தமிழ்க் கூலிகளின் கதை தமிழுக்கு வந்து சேர 38 வருஷம் ஆயிற்று!

கதை நடப்பது 1920-களில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி வால்பாறை மலை ஏறுகிறார்கள். அதே சென்னை மாகாணந்தான், பேச்சும் தமிழ்தான். ஆனாலும் அந்தக் குளிரிலும், அட்டைக்கடியிலும், மலேரியாவிலும் அவர்கள் பரதேசிகள். மலைமேல் இன்னொரு பரதேசியும் இருக்கிறான். அவன் வெள்ளைக்காரத் துரை. சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவனுக்குக் கப்பல் இருக்கிறது. கூலியோ முன்பணக் கடன் தீரும்வரை கீழே இறங்க முடியாது. கடனும் லேசில் தீராது.

தோட்டத்தில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. இருந்தும் ஜனங்கள் சாகிறார்கள். ஒருவன் குணமானானா என்பதைவிட, நாளைக் காலையில் கொழுந்து பறிக்க வருவானா என்பதே அங்கே பெரிய கேள்வி. அந்த ஆஸ்பத்திரியைக் கண்டு கூலிகள் ஏன் அஞ்சினார்கள் என்பது இந்த நாவலைப் படித்தவருக்குப் புரியும். அறியாமை, மூடநம்பிக்கை என்றெல்லாம் அதைத் தள்ளிவிட இனி முடியாது.

பிறகு டாக்டர் ஆபிரகாம் வருகிறார். படித்தவர், மனச்சாட்சி உள்ளவர். இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. அவர் வந்ததும் கதையின் வெளிச்சம் முழுவதும் அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. கருப்பனும் வள்ளியும் வைத்தியம் செய்யப்படுகிற உடம்புகளாக ஒதுங்கிப் போகிறார்கள். மருந்து சாப்பிட்ட பிறகு என்ன நினைத்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்க ஆசைப்படுகிறோம். கிடைப்பதென்னவோ டாக்டரின் கோபந்தான். டாக்டர் எழுதிய நாவலில் டாக்டர் கதாநாயகனாவது இயற்கை என்றாலும், இந்த இடத்தில் கலை கொஞ்சம் தோற்கிறது.

ஆனாலும் முல்க் ராஜ் ஆனந்தின் 'டூ லீவ்ஸ் அண்ட் எ பட்' நாவலோடு வைத்துப் பார்த்தால் டேனியலின் அருமை தெரியும். அது 1937-ல் வந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக் கதை. அதிலும் கூலிகளுக்காக இரங்கும் ஒரு டாக்டர் உண்டு, ஆங்கிலேயர். வாய் திறந்தால் பிரசங்கம். ஆபிரகாமுக்கு நோயாளிகள் இருக்கிறார்கள், அதனால் பேச நேரம் குறைவு. நோயாளியின் கட்டிலருகே நின்று பழகியவரின் எழுத்துக்கும், வெளியே நின்று இரங்குபவரின் எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் இது.

2013-ல் வந்த பாலாவின் 'பரதேசி' படத்துக்கு இந்த நாவலே ஆதாரம். தலைப்பு பொருத்தமானது. ஆனால் டாக்டரை மதம் மாற்ற வந்து ஆடிப்பாடும் ஆசாமியாக்கிவிட்டார்கள். உயிரைப் பிடித்து நிறுத்தப் போராடிய பாத்திரத்துக்கு இது செய்த அநியாயத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. கூலிகளின் பசியை அவ்வளவு கண்ணியமாகக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, அவர்களுடைய நோய் மட்டும் ஏன் வேடிக்கையாகப் பட்டது?

இன்று வால்பாறையில் கொழுந்து பறிக்கிறவர்களில் பலர் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். ஆனந்தின் கூலிகள் வேலை தேடிப் போன அதே அஸ்ஸாமிலிருந்து! 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு மருத்துவ வசதி தோட்ட முதலாளியின் கடமையாயிற்று. கருப்பனுக்கும் வள்ளிக்கும் தமிழாவது இருந்தது. இவர்கள் தங்கள் வயிற்றுவலியை எந்தப் பாஷையில், யார் மூலம் டாக்டரிடம் சொல்கிறார்கள்? இவர்களில் ஒருவர் அதை எழுதினால், அஸ்ஸாமியில் எழுதினாலும் சரி, இரா. முருகவேளைப் போல் ஒருவர் தமிழாக்கித் தரட்டும். இந்த முறை 38 வருஷம் காத்திருக்க வைக்க வேண்டாம்.