நெடுநல்வாடையில் கூதிர்ப் பொழுதின் எளிய இன்பங்கள்

பத்துப்பாட்டுள் ஏழாவதாக வைத்து எண்ணப்படும் நெடுநல்வாடை 188 அடிகளால் இயன்றது. 1889 ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்து வழங்கிய நாள்தொட்டு, இப்பாட்டு அகமா புறமா என்னும் வினாவே கற்றோரிடையே மிகுதியும் பேசப்பட்டு வந்துள்ளது. வேலின் தலையிற் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டுதலின் இது புறமாயிற்று என்பது உரையாசிரியர் முடிபு. அம்முடிபினை இங்கே மீண்டும் வழக்காட எடுத்துக்கொண்டிலம். பாட்டின் பெயரிடையே நிற்கும் 'நல்' என்னும் சொல் ஒன்றே இக்கட்டுரைக்குப் பொருளாகும்.

கணவனைப் பிரிந்திருக்கும் அரசிக்குப் பொழுது நீளுதலின் வாடை நெடியதாயிற்று; பகைமேற் சென்ற அரசனுக்கு வெற்றி தருதலின் நல்லதாயிற்று. இவ்வாறு உரையாசிரியர் பெயர்க்குக் காரணம் காண்கின்றார். இக்காரணம் பாட்டின் பிற்பகுதிக்குச் சாலப் பொருந்தும். ஆயின் முதல் 72 அடிகளை என் செய்வது? பாட்டில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மிகுந்த அப்பகுதியில் அரசியும் இல்லை, அரசனும் இல்லை. வகுப்பறைகளில் அதனைப் 'பின்னணி' என்று ஒரு சொல்லாற் கூறிக் கடந்துவிடுகின்றோம். யானும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். அரசியின் துயருக்கு ஏற்ற துயரச் சூழல் அது என்று மாணவர் குறிப்பெழுதிக்கொண்டனர். அக்குறிப்புப் பிழையென்று இப்போது தோன்றுகின்றது.

ஊரினுள் நுழைந்து நக்கீரர் காட்டுவனவற்றை ஒவ்வொன்றாக நோக்குக. ஆறு கிடந்தாற்போன்ற அகன்ற தெருவில், தேறல் மாந்திய வலிய ஆடவர், மேலே விழும் தூவானத்தைப் பொருட்படுத்தாமல், பகற்பொழுது கழிந்த பின்னரும் ஆடையின் இருமுனையும் தொங்க விரும்பிய இடமெல்லாம் திரிகின்றனர். கதிரவன் மறைந்தானா இல்லையா என்று அறிய இயலாத மூடிய வானம். மகளிர் பூந்தட்டிலே இட்டுவைத்த பிச்சியரும்பு இதழ்விரிந்து மணக்கின்றது. அம்மணத்தால் மாலை வந்ததென்று உணர்ந்து, இரும்பினாற் செய்த விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். ஒரு மலரின் மணத்தைக் கொண்டு பொழுது அறிதல் எத்துணைச் சிறிய செயல்! அதனுள் இருக்கும் மகிழ்ச்சியும் சிறியதே. எனினும் அது துயரமன்று.

இனி வீட்டினுள்ளே. விசிறிகள் சுருக்கி முளையில் தொங்கவிடப்பட்டுள்ளன; அவற்றின்மேற் சிலந்தி நூல் இழைத்துள்ளது. வடநாட்டார் கொணர்ந்த வெண்ணிற வட்டக்கல் தென்னாட்டுச் சந்தனத்தோடு பயனின்றிக் கிடக்கின்றது. அதற்கு மாறாகக் குற்றேவலர் கொள்ளின் நிறமுடைய கல்லிலே வெம்மை தரும் நறுங்கூட்டுகளை அரைக்கின்றனர். தென்றல் வரும் மேல்மாடத்துக் கதவுகள் தாழிட்டபடியே உள்ளன. குவிந்த வாயையுடைய கலத்தின் தண்ணீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயையுடைய தடவில், அஃதாவது நம் பாட்டியர் கணப்பு என்றழைத்த நெருப்புச் சட்டியில், கனன்ற செந்நெருப்பின் வெம்மையை நுகர்கின்றனர். மகளிர் கோதை புனையாது சில மலரே சூடுகின்றனர். அகிலும் அயிரும் இட்டுப் புகையெழுப்புகின்றனர்.

இப்பகுதியில் ஒரு நுட்பம் உண்டு. குளிர்காலத்து இன்பத்தை நக்கீரர் நேரே இன்பம் என்று சொல்லாமல், வேனிற்குரிய பொருள்கள் ஓய்ந்து கிடத்தலைக் காட்டி உணர்த்துகின்றார். சிலந்திநூல் படிந்த விசிறி ஒன்றே போதும், அவ்வீட்டார் எத்தனை நாளாக வெம்மையை விரும்பி நெருங்கியமர்ந்துள்ளனர் என்பதை அறிய. இம்முறை பிற்காலத்துப் பருவ வருணனைகளில் அருகியே காணப்படுகின்றது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரையின் இன்ப வாழ்வைப் பருவந்தோறும் வரிசைப்படுத்துமிடத்தில், கூதிரில் சாளரம் அடைத்தலும் பனிக்காலத்தில் முன்றிலிலே இளவெயில் காய்தலும் வருகின்றன. இளவெயில் காய்தல் மிக இனிய காட்சிதான். ஆயினும் அங்கே நுகர்வோர் வளமனையார். நக்கீரர் தெருவிலோ இரும்பு விளக்கேற்றும் பெண்ணும், தேறலுண்டு திரிபவனும், அரைக்கும் ஏவலரும் உடன் நிற்கின்றனர். ஏவலர் அரைக்கும் கூட்டு அவர் மார்பிற் பூசுதற்கன்று என்பதையும் மறத்தலாகாது. பிறர் உழைப்பின்மேல் அமைந்த இன்பமும் அவ்வூரில் உண்டு. புலவர் அதனை மறைக்கவில்லை.

எல்லாவற்றினும் சிறந்ததாக யான் கருதுவது யாழ்க் காட்சி. குளிரால் நரம்புகள் நெகிழ்ந்து குரல் திரிந்துவிட்டது. ஆடல் மகளிர் அவற்றைத் தம் மார்பின் வெம்மையிலே தடவிப் பண்ணுக்கு ஏற்பச் செம்மை செய்கின்றனர். இதனைக் காமச் சுவைக்கென வந்த அடியாகக் கொள்வாரும் உளர். அவ்வாறு கொள்ளின் அடியின் பொருளிற் பாதி போய்விடும். யாழ் தொழிற்கருவி, உடம்பின் சூடு அப்போது கிடைக்கும் எளிய பரிகாரம். கைத்தொழில் அறிந்தவர் செய்யும் செயல் இது.

இங்கு ஒரு தடை எழக்கூடும். பாட்டின் தொடக்கத்தில் வெள்ளத்தை வெறுத்து வேற்றுப்புலம் சென்ற கோவலர், பலருடன் கூடிக் கையிற் கொள்ளி கொண்டும் கன்னம் நடுங்குகின்றனரே. மேயலை மறந்த விலங்கும், கன்றை உதைக்கும் கறவையும், பெடையோடு இரை தேடச் செல்லாது பலகைமேற் கால்மாற்றி இருக்கும் புறாச்சேவலும் இன்பத்தையா காட்டுகின்றன என்று வினவலாம். இல்லை என்பதே விடை. துன்பம் புறத்தே உள்ளமையால்தான் கொள்ளி இனிதாகின்றது. கோவலர் பலருடன் இருக்கின்றனர் என்று புலவர் சொல்லியது வறிதன்று. அவர்க்குக் கிடைத்த வெம்மை சிறிது; ஆயினும் கூட்டாகக் கிடைத்தது.

இதனை மனத்திற் கொண்டு அரண்மனைக்குட் செல்வோம். நாழிகைக்கோல் நாட்டித் திசையறிந்து வகுத்த மனை. யானைக் கோட்டாலான கட்டில். யவனர் செய்த பாவை கையேந்திய அகலில் நிறைய நெய். தெருவில் இரும்பு விளக்கை ஏற்றியவர் கைதொழுதனர். இங்கே பாவை விளக்கின் முன் எவரும் தொழுததாகப் பாட்டில் இல்லை. மகளிர் அடி வருடுகின்றனர். செவிலியர் குறியவும் நெடியவுமாகப் பல உரை கூறித் தேற்றுகின்றனர். அரசி தேறவில்லை. அவள் முத்தாரம் களைந்தாள்; பொன்வளை நீத்துச் சங்கு வளை அணிந்தாள்.

அரசியைக் கூறுமிடத்துப் புலவர் ஆளும் வினை 'துற' என்பது. அவள் துணையைத் துறந்திருக்கின்றாள். இவ்வினையே முன்பு சந்தனக் கல்லுக்கும், தாழிட்ட மேல்மாடக் கதவுக்கும் வந்துள்ளது. 188 அடிகளுக்குள் மூன்றிடத்து இச்சொல் இவ்வாறு அமைந்ததைத் தற்செயல் என்று தள்ள எமக்கு மனமில்லை. கல்லும் கதவும் குளிர் நீங்கும்வரை ஓய்ந்திருப்பன. வேனில் வந்தால் மீண்டும் பயன்படும். அரசியும் அவ்வாறே ஒரு பருவத்திற்கு விடப்பட்டவள். ஆனால் கல்லுக்கு வருத்தமில்லை. ஊரார் குளிரை முன்னிட்டுச் சிலவற்றை நீக்கி அதனாலேயே இன்புற்றனர். அரசி எல்லாவற்றையும் நீக்கியும் இன்புறவில்லை. அவளுடைய இழப்பை அளக்கும் கோல் கட்டிலின் விலையன்று. தெருவிற் கண்ட அச்சிறு மகிழ்ச்சிகளே. அவற்றைத் துயரச் சூழலென்று படித்துவிட்டால் அளவுகோலே தொலைந்துபோகும்.

பாசறைக்கு வருவோம். அங்கும் விளக்கு உண்டு; வடகாற்று வீசுந்தோறும் அதன் சுடர் தெற்கே சாய்கின்றது. சேற்றுத் தெருவில் குதிரைகள் உடல்மேல் விழுந்த துளியை உதறுகின்றன. நள்ளிரவிலும் உறங்காத அரசன், நழுவும் மேலாடையை இடப்பக்கத்தே தழுவிக்கொண்டு, வாள் தாங்கிய இளைஞன் ஒருவன் தோள்மேற் கைவைத்துப் புண்பட்ட வீரரைக் காணச் செல்கின்றான். அக்குளிரிடையே அவனுக்குக் கிட்டிய வெம்மை அத்தோள் ஒன்றே. மூதூர்த் தெருவில் தேறலுண்டவர் திரிந்தனர் என்று கூறிய அதே சொல்லால் இவனையும் புலவர் திரிகின்றான் என்கின்றார். அவர்கள் துளியைப் பேணாது திரிந்தனர். இவனுக்கு வெண்குடை துளியை மறைக்கின்றது. அவர்கள் விரும்பிய இடமெல்லாம் சென்றனர். இவன் சிலரொடு, புண்பட்டவர் கிடக்குமிடத்திற்குச் செல்கின்றான்.