சொல்லி வாயடைத்தல்

உளவு நிறுவனம் மறைத்துத்தான் ஆள்கிறது என்று பேசிப் பழகிவிட்டோம். அது சொல்லியும் ஆள்கிறது என்பது என் வாசிப்பு.

அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. நீதிமன்ற ஆணையின்றி ஒட்டுக்கேட்டு வந்ததை 2003 ஜூலை 17 அன்று காங்கிரஸ் உளவுக்குழுத் தலைவர்கள் சிலருக்கு மட்டும் விளக்கினார்கள். அன்றே செனட்டர் ஜே ராக்ஃபெல்லர் துணை ஜனாதிபதி செனிக்குக் கைப்படக் கடிதம் எழுதினார். தான் தொழில்நுட்பமோ சட்டமோ படித்தவரல்ல, உதவியாளர்களைக் கலந்து பேசவும் வழியில்லை, ஆகவே இதை ஆதரிக்க இயலவில்லை என்பது சாரம். நகலைக் குழுவின் பாதுகாப்பறையில் பூட்டிவைத்தார். 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் விஷயத்தைப் போட்டுடைத்த பிறகே கடிதம் வெளியே வந்தது.

இதை எதிர்ப்பின் பிரதி என்பார்கள். எதிர்ப்பு கோப்பாகிப்போன பிரதியாகவே எனக்குப் படுகிறது. கேட்டவர் சாட்சியாகிவிடுகிறார், வாய் திறக்க முடியாத சாட்சி. அதே டிசம்பரில் ஜனாதிபதி புஷ், காங்கிரஸ் தலைவர்களுக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் விளக்கியாயிற்று என்றார். அதாவது, 'உங்க ஆளுங்ககிட்ட சொல்லிட்டுத்தானே செஞ்சோம்!'

கண்காணிப்பு இங்கே ரகசியத்தைப் பங்குபோடும் சடங்காகிறது. சொன்னார்களா என்பதோடு நாம் நிறுத்திவிடக் கூடாது. கேட்டவர் அதை யாரிடம் சொல்ல முடிந்தது?