இரண்டாம் ஓட்டம்

ஒரு டேட்டா இம்போர்ட் நன்றாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, சாண்ட்பாக்ஸ் என்ற சோதனைத் தளத்தில் ஏற்றி முடித்த அதே கோப்பை அங்கேயே இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பேன். முதல் ஓட்டத்தில் 400 வாடிக்கையாளர்கள் புதிதாகச் சேர்ந்திருந்தால், இரண்டாம் ஓட்டத்தில் ஒருவர்கூடச் சேரக் கூடாது. அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கும்போது வருகிற நிறைவு, சுருதி சேர்ந்த தம்பூராவைக் கேட்கும் நிறைவு.

வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளில் இந்த அழகைத் தருவது அப்சர்ட் என்ற ஏற்றும் முறை. பில்லிங் மென்பொருளில் உள்ள வாடிக்கையாளர் எண்ணை எக்ஸ்டர்னல் ஐடியாக வைத்துவிட்டால் போதும். அந்த எண்ணில் யாரும் இல்லையென்றால் புதிதாகச் சேர்க்கும். ஒருவர் இருந்தால் அவர் விவரத்தைத் திருத்தும். ஒரே எண்ணில் இருவர் இருந்தால் எதையும் தொடாமல் பிழை என்று திருப்பித் தரும். தெரியாத இடத்தில் ஊகிக்காமல் நின்றுவிடுகிற இந்தக் குணத்தின் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், எல்லாவற்றையும் புதிதாகவே சேர்க்கும் வெறும் இன்சர்ட்டாக ஏற்றிய கோப்பு பாதியில் நெட் போய் நின்றது. மறுபடி முழுவதும் ஓட்டினேன். விடிந்து பார்த்தால் பாதிப் பேர் இரண்டிரண்டாக இருந்தார்கள்.

அடையாள எண்ணின் நுட்பம் தனி. சேல்ஸ்ஃபோர்ஸ் ஐடியின் 15 எழுத்துகளில் பெரிய ‘ஏ’ வேறு, சின்ன ‘ஏ’ வேறு. எக்செலில் வி-லுக்கப் போட்டுத் தேடினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்காகவே 18 எழுத்து வடிவம் இருக்கிறது. 15 எழுத்துகளையும் ஐந்தைந்தாகப் பிரித்தால் மூன்று கூறு. ஐந்து இடங்களில் எங்கெங்கே பெரிய எழுத்து வருகிறது என்பதற்கு 32 வாய்ப்புகள். ஏ முதல் இசட் வரை 26, பூஜ்யம் முதல் 5 வரை 6, கூட்டினால் சரியாக 32. கூறுக்கு ஒரு குறியாக மூன்றைக் கடைசியில் ஒட்டியிருக்கிறார்கள். மூன்றே எழுத்தில் என்ன சிக்கனம்!

எக்செலில் திறந்து சேமித்த சிஎஸ்வியில் 91 சேர்த்த கைபேசி எண் அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கி, கடைசி இலக்கங்கள் தொலைந்துபோகும். அதனால் தானியங்கி வேலையில் கோப்பு மனிதக் கை படாமல் போவதே நல்லது. அந்த வேலைக்கென்று தனி யூசர், தேவையான அனுமதி மட்டும். தினமும் 400 வரி வரும் கோப்பில் ஒருநாள் 40,000 வந்தால், ஏற்றாமல் நிறுத்தி ஆளைக் கூப்பிட ஒரு வரம்பு. இறக்குமதியின்போது வரவேற்பு மின்னஞ்சல் பறக்காதபடி ஒரு தடை. இவை வெளியே தெரியாத வேலைப்பாடுகள். கோயில் அஸ்திவாரம் போல.

இந்த வேலை முடிந்ததும், காலையில் ஏற்றும் கருவியான டேட்டா லோடர் இரண்டு கோப்புகளை வைத்திருக்கும். ஒன்றில் ஏறியவை, மற்றதில் ஏறாதவை. ஏறாத வரி வந்தபடியே முழுதாக இருக்கும், ஓரத்தில் காரணத்தோடு. அதைத் திருத்தி அந்தக் கோப்பை மட்டும் மறுபடி ஏற்றலாம்.

ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர். ஒரே விஷயத்துக்காக அவரை இருவர் அழைத்தால் நிறுவனத்தின் மீதுள்ள நம்பிக்கை குறையும். இன்று காலை இரண்டாம் ஓட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர் எவருமில்லை. ஒவ்வொருவர் பெயரும் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது.